வாங்கி வைத்த புத்தகங்களும் திரையில் கிடைத்த எழுத்தாளர்களும்

புத்தக அலமாரி உள்ள வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “இத்தனையும் படிச்சுட்டீங்களா?” கேட்பவருக்கு அது சாதாரண விசாரிப்பு. பதில் சொல்ல வேண்டியவருக்கோ கணக்குக் கேட்பதுபோல் ஒலிக்கும். காங்கேயம் போன்ற ஊரில் அந்தக் கூச்சம் இன்னும் கொஞ்சம் கூடுதல். நெல் அரவை ஆலைகளும் தேங்காய்க் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த ஊர் இது. காலையில் பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய் இரவில் திரும்புகிறவர்களின் ஊரும்கூட. காசு போட்டு வாங்கிய பொருள் பயன்பட வேண்டும் என்பது இங்கே எல்லோரும் ஏற்றுக்கொண்ட நியாயம். பயன்படாத பொருள் முதலில் அட்டாலிக்கு ஏறும், பிறகு பழைய பேப்பர்க்காரரிடம் போய்ச் சேரும்.

இதே வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. பேர்கூடக் கேள்விப்படாத ஓர் எழுத்தாளரின் சிறுகதை இரவில் செல்போன் திரையில் கண்ணில் படுகிறது. படித்து முடித்ததும் அவர் யார், வேறென்ன எழுதினார், புத்தகம் எங்கே கிடைக்கும் என்று தேடத் தோன்றுகிறது. அடுத்த புத்தகத் திருவிழாவில் அந்த நூலும் வாங்கப்படுகிறது. அதுவும் சில காலம் படிக்கப்படாமல் அடுக்கில் நிற்கிறது.

இந்த இரண்டு வழக்கங்களையும் நாம் தனித்தனியாகவே பேசுகிறோம். முதலாவதைச் சோம்பல் என்றும், இரண்டாவதை மேலோட்டமான வாசிப்பு என்றும் ஒதுக்கிவிடுகிறோம். சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். தமிழில் எத்தனையோ நூல்கள் பிழைத்திருப்பது, படிக்க நேரம் வாய்ப்பதற்கு முன்பே யாரோ ஒருவர் வாங்கிப் பாதுகாத்ததால்தான். அந்த நூல்களுக்கு உரிய வாசகரை இன்று கொண்டுவந்து சேர்ப்பது திரை. காங்கேயம் வட்டாரத்து இலக்கியத்தையே சான்றாக வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

படிக்காத நூல்கள் ஏன் சேர்கின்றன?

முதல் காரணம் தமிழில் புத்தகம் விற்கப்படும் முறை. சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் புத்தகத் திருவிழா நடத்திவருகிறது. திருப்பூரிலும் ஆண்டுக்கொரு முறை புத்தகத் திருவிழா நடக்கிறது. தேர்ந்த இலக்கிய நூல்களை ஒரே இடத்தில் புரட்டிப் பார்க்க வேண்டுமென்றால் காங்கேயத்து வாசகர் இந்த நாட்களுக்காகக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கோவைக்குப் போய்வர வேண்டும். திருவிழாவில் பத்து சதவீதக் கழிவும் உண்டு. ஆக, ஆண்டு முழுவதற்குமான நூல்கள் ஒரே மாலையில் வாங்கப்படுகின்றன. வாங்குவது ஒரு நாளில் முடிகிறது. படிப்பதற்கோ தினமும் கிடைப்பது அரை மணி நேரம். அலமாரி நிறைவது இந்தக் கணக்கின் இயல்பான விளைவு.

இரண்டாவது காரணம் அச்சிடும் எண்ணிக்கை. ஒரு பதிப்புக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் என்பது நெடுங்காலம் தமிழ்ப் பதிப்புலகின் வழக்கமாக இருந்தது. இப்போது தேவைக்கேற்ப நூறு, இருநூறு என்று அச்சிடும் முறையும் பரவிவிட்டது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியில் ஒரு நல்ல நாவல் சில நூறு வீடுகளில் மட்டுமே இருக்கிறது. அது தீர்ந்தபின் மறுபதிப்பு வருமா என்பது பதிப்பாளரின் கைப்பணத்தையும் அரசு நூலகங்களின் கொள்முதல் ஆணையையும் பொறுத்தது. இன்று கண்ணில் பட்ட நூல் நாளை கிடைக்காமல் போகலாம் என்பதை அனுபவத்தில் அறிந்தவர், படிக்க நேரம் வாய்க்கும்வரை வாங்குவதைத் தள்ளிப்போட மாட்டார்.

பொது நூலகம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. சென்னை மாகாணத்தின் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதல் நூலகச் சட்டம். வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியும் கட்டுகிறோம். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. ஆனால் சென்னையில் ஒரு பிரதி இருப்பது காங்கேயத்தில் இரவு வேலை முடிந்து வருகிறவருக்கு எந்த அளவுக்கு உதவும்? கிளை நூலகங்களின் இடமும் நிதியும் அளவானவை. தேர்வுக்கான நூல்களுக்கும் நாளிதழ்களுக்கும் இடம் கொடுத்த பிறகுதான் பழைய நாவலுக்கு இடம். அந்த இடைவெளியைத் தனிமனிதர்களின் அலமாரிகள் நிரப்பிவந்திருக்கின்றன.

வீட்டில் நூல் இருப்பதன் பலன்

நூல் வீட்டில் இருப்பதால் மட்டும் என்ன பயன்? ஆஸ்திரேலியாவின் ஜோவானா சிகோராவும், அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். டி. ஆர். எவான்ஸ், ஜொனாதன் கெல்லி ஆகியோரும் இதை ஆராய்ந்தார்கள். 31 நாடுகளிலும் பகுதிகளிலும் ஏறத்தாழ 1,60,000 பேரிடம் 2011 முதல் 2015 வரை திரட்டிய தரவுகள் அவர்களுக்கு ஆதாரம். “உங்களுக்கு 16 வயதாக இருந்தபோது வீட்டில் எத்தனை புத்தகங்கள் இருந்தன?” என்பதே அடிப்படைக் கேள்வி. அவற்றில் எத்தனையைப் படித்தீர்கள் என்று கேட்கவில்லை. பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் கணக்கில் கழித்த பிறகும், நூல்களோடு வளர்ந்தவர்கள் எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் முன்னே நின்றார்கள். ஏறக்குறைய 80 நூல்கள் இருந்த வீட்டுப் பிள்ளைகள் சராசரி எழுத்தறிவை எட்டினர்; 350 வரை ஏற்றம் இருந்தது; அதற்கு மேல் எத்தனை இருந்தாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த ஆய்வில் இந்தியா இடம்பெறவில்லை. நூல்கள் மட்டுமே காரணம் என்றும் இதைக் கொண்டு அறுதியிட முடியாது. நூல் வாங்கும் வீட்டில் பேச்சும் கேள்வியும் வேறுவிதமாக இருக்கும், அதுவும் பிள்ளையை வளர்த்திருக்கும். இருந்தாலும், கண்ணெதிரே நூல்கள் இருக்கும் சூழலுக்கே ஒரு வலு உண்டு என்பதை அது காட்டுகிறது. 350க்கு மேல் பலன் கூடுவதில்லை என்ற முடிவும் கவனிக்க வேண்டியது. ஆயிரக்கணக்கில் குவிப்பதற்கு இந்த ஆய்வு ஆதரவு தரவில்லை. நடுத்தரக் குடும்பத்தின் இரண்டு அலமாரிகளே போதும் என்கிறது.

படிக்காத நூல்களுக்கு வேறொரு நியாயமும் உண்டு. இத்தாலிய அறிஞர் உம்பெர்த்தோ எக்கோவின் வீட்டு நூலகத்தில் ஏறத்தாழ 30,000 நூல்கள் இருந்ததாக நசீம் நிக்கோலஸ் தலேப் 2007இல் வெளியான தம் நூலில் எழுதினார். படித்த நூல்களைவிடப் படிக்காதவையே ஆய்வாளனுக்கு மதிப்புள்ளவை, நமக்குத் தெரியாதவற்றை அவைதான் நினைவூட்டிக்கொண்டிருக்கும் என்பது தலேபின் வாதம். நம் வட்டாரத்தில் இதைப் புரிந்துகொள்ள இத்தாலி வரைக்கும் போக வேண்டியதில்லை. காங்கேயம் மாடு வளர்ப்போருக்குக் கொறங்காடு தெரியும். கிளுவை வேலி கட்டி, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக விட்டிருக்கும் அந்த மேய்ச்சல் நிலத்தை உழவில்லை என்பதற்காக யாரும் தரிசு என்று சொல்வதில்லை. துண்டு துண்டாகப் பிரித்து முறைவைத்து மேய்ப்பார்கள். மழை பொய்த்த காலத்தில் அதுவே கைகொடுக்கும். படிக்கக் காத்திருக்கும் நூலடுக்கும் அத்தகைய இருப்புதான்.

நூலுக்கு நேரம் வருவதும் உண்மை. திருப்பூரில் வாழும் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவல் 1998இல் வெளிவந்தது. சாயக்கழிவு நொய்யல் ஆற்றை அழித்த கதை அது. அதே கழிவுதான் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அணையை நச்சுக்குட்டையாக்கியது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது ஊரெங்கும் அதுவே பேச்சு. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வாங்கி வைத்துப் படிக்காமல் விட்டிருந்த ஒருவருக்கு, அந்த நாவலை எடுத்துப் படிக்க அதைவிடப் பொருத்தமான நேரம் இருந்திருக்காது.

கீரனூர்க்காரர்

‘நாகம்மாள்’ என்ற சிறிய நாவல் 1942இல் வெளிவந்தது. எழுதிய ஆர். சண்முகசுந்தரத்துக்கு அப்போது வயது 25. பழைய கோவை மாவட்டத்தின் காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த கீரனூர் அவர் பிறந்த ஊர். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்பதும், அது கொலையில் முடிவதும் கதை. நிலத்தில் பெண்ணுக்கு உரிமை கேட்பது, விதவைப் பெண் தன் விருப்பப்படி வாழ நினைப்பது, ஊர்ப் பெரியதனக்காரர்களின் சூழ்ச்சி, மேழி பிடிப்பவர்களின் பேச்சு ஆகிய எல்லாமே அன்றைய தமிழ் நாவலுக்குப் புதிது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று பலரும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். கு.ப. ராஜகோபாலன் முன்னுரை எழுதி ஊக்குவித்தார். பின்னாளில் ‘அறுவடை’, ‘சட்டி சுட்டது’, ‘தனிவழி’ ஆகிய நாவல்களையும் சண்முகசுந்தரம் எழுதினார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழில் தந்தவரும் அவர்தான். 1977இல் மறைந்தார்.

இத்தகைய எழுத்தாளரின் நூல்கள் அவருடைய சொந்த வட்டாரத்திலேயே நெடுங்காலம் எளிதில் கிடைக்கவில்லை. அவர் பேரை அணையவிடாமல் காத்தவர்கள் சில விமர்சகர்கள். க.நா. சுப்ரமண்யம் முக்கியமான தமிழ் நாவல்களைச் சொல்லும்போதெல்லாம் ‘நாகம்மாள்’ பேரைச் சொன்னார். பின்னர் எழுத்தாளர் பெருமாள்முருகன் சண்முகசுந்தரத்தின் படைப்புகளை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். காலச்சுவடு பதிப்பகம் தன் கிளாசிக் வரிசையில் ‘நாகம்மாள்’ நாவலை மீண்டும் கொண்டுவந்தது. விமர்சகர் ஒருவர் பேரைச் சொல்வதற்கும், ஆய்வாளர் ஒருவர் தேடிப் போவதற்கும், பதிப்பாளர் மறுபதிப்புப் போடுவதற்கும் அடிப்படையாக ஒன்று இருந்தாக வேண்டும்: எங்கேயோ யாரோ ஒரு பழைய பிரதியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

ப. சிங்காரத்தின் கதையும் இதே ரகம். இந்தோனேசியாவில் வாழ்ந்து திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்த அவர் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தபோது போதிய கவனம் பெறவில்லை. 1997இல் அவர் மறைந்தார். இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களைப் பட்டியலிடும் யாரும் அதை விட்டுவிடுவதில்லை. வெளிவந்த காலத்தில் வாங்கி வைத்த சிலரின் பிரதிகள் கைமாறிக் கைமாறித்தான் அந்த மதிப்பு வளர்ந்தது.

திரை காட்டும் வழி

1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களையும் உரிமைத்தடை இல்லாத நவீன நூல்களையும் ஊதியமின்றித் தட்டச்சு செய்தார்கள். யூனிகோடு பரவாத அந்நாளில் எழுத்துரு இறக்கிக்கொள்வதே ஒரு போராட்டம். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது. அதுவே இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம். 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம், எழுத்தாளர்களே மனமுவந்து கொடுத்த நூல்களை மின்னூலாக்கியது. ‘திண்ணை’, ‘சொல்வனம்’ போன்ற இணைய இதழ்களும், எழுத்தாளர் மௌனியின் கதைத் தலைப்பை நினைவூட்டும் பேர்கொண்ட ‘அழியாச் சுடர்கள்’ தளமும் மறைந்த எழுத்தாளர்களைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தின. 2022இல் வந்த தமிழ் விக்கி எழுத்தாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளையும் நூல் பட்டியலையும் ஒரே இடத்தில் தருகிறது.

இந்தத் தளங்களில் ஒருவர் எழுத்தாளரைக் கண்டடையும் வழியைக் கவனித்தால் அதில் ஓர் ஒழுங்கு உண்டு. புதுமைப்பித்தனின் ஆக்கங்கள் 2002இல் நாட்டுடைமை ஆயின. ஆகவே அவர் கதைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அங்கே தொடங்குகிறவர் ‘மணிக்கொடி’ இதழைப் பற்றி அறிகிறார். அங்கிருந்து கு.ப. ராஜகோபாலனிடம் (கு.ப.ரா.) வருகிறார். கு.ப.ரா. முன்னுரை எழுதிய நூல் எது என்று பார்த்தால் ‘நாகம்மாள்’. சண்முகசுந்தரத்திடமிருந்து ஒரு பாதை வங்காளத்து விபூதிபூஷணிடம் போகிறது. இன்னொரு பாதை பெருமாள்முருகனிடம் வருகிறது. கொங்கு நாட்டு எழுத்து என்று மேலும் தேடுகிறவருக்குத் தேவிபாரதி கிடைக்கிறார். வெள்ளகோவில் பக்கத்துக் கிராமத்தில் வாழும் அவருடைய ‘நீர்வழிப் படூஉம்’ நாவல் 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல் அது. காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் சற்று நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் வாழும் எழுத்தாளரை, உலகைச் சுற்றிவந்து செல்போன் அறிமுகப்படுத்துகிறது. முன்பு ஒரு நல்ல ஆசிரியரோ நூலகரோ வாய்த்தவருக்கு மட்டுமே கிடைத்த இந்த வழிகாட்டல், இன்று தேடத் தெரிந்த எவருக்கும் கிடைக்கிறது.

ஆனால் திரைக்கு எல்லைகளும் உண்டு. முதலாவது, வடிவம். சிறுகதையும் கட்டுரையும் திரையில் இயல்பாகப் பொருந்துகின்றன. நானூறு பக்க நாவலை இடையிடையே அழைப்பும் அறிவிப்பும் வந்துகொண்டிருக்கும் அதே கருவியில் படித்து முடிப்பது கடினம். 2000 முதல் 2017 வரையிலான 54 ஆய்வுகளை, 1,71,055 பேரின் தரவுகளோடு தொகுத்துப் பார்த்த பாப்லோ டெல்காடோ குழுவினர், தாளில் படித்தவர்களுக்கே பொருள் நன்றாகப் புரிந்தது என்று 2018இல் எழுதினார்கள். தகவல் சார்ந்த எழுத்திலும் நேரக் கட்டுப்பாடு இருந்தபோதும் வேறுபாடு தெரிந்தது. கதைகளில் மட்டும் அப்படிப்பட்ட வேறுபாடு தென்படவில்லை. சிறுகதையைத் திரையில் படித்து எழுத்தாளரை அறிந்து, கனமான நூலைத் தாளில் படிக்கும் நம் வாசகர்களின் வழக்கம் இதோடு ஒத்துப்போகிறது.

இரண்டாவது எல்லை, உரிமை. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு. நாட்டுடைமை ஆகாத, அண்மைக் காலத்து எழுத்தாளர்களின் நூல்கள் முறையாக இணையத்தில் இருப்பது அரிது. இருப்பவற்றில் பல திருட்டு பிடிஎப். வாழும் எழுத்தாளரின் நூலை அப்படிப் படிப்பது, சில நூறு பிரதிகளை நம்பி நிற்கும் பதிப்பைச் சாய்ப்பதற்குச் சமம்.

மூன்றாவது, தேடுபொறியின் சாய்வு. பலர் தேடியதையே அது முன்னால் வைக்கிறது. புகழ்பெற்ற பத்துப் பேர் திரும்பத் திரும்ப வருவார்கள். ஒரே நாவல் எழுதி மறைந்தவர் பத்தாவது பக்கத்தில்கூட இருக்க மாட்டார். அதை ஈடுசெய்ய மனிதர்களின் தேர்வு தேவைப்படுகிறது. எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் தந்த நூறு சிறுகதைகளின் பட்டியல், கோவையை மையமாகக் கொண்ட விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010இல் ஆ. மாதவனுக்கும், 2013இல் இலங்கை மலையகத்தின் தெளிவத்தை ஜோசப்புக்கும், 2017இல் மலேசியாவின் சீ. முத்துசாமிக்கும் அளித்த விருதுகள் ஆகியவை அந்தப் பணியைச் செய்தன. இப்படி ஒரு பேர் வெளிச்சத்துக்கு வரும்போதுதான் திரையில் தேடல் தொடங்குகிறது.

திரையின் வேர் அலமாரியில்

அலமாரிக்கு மாற்றாகத் திரை வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். திரையில் இருக்கும் ஒவ்வொரு பழைய நூலும் யாரோ ஒருவரின் அலமாரியிலிருந்து வந்தது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகைகள் எழுதிப் பிழைத்தவர். நூல், இதழ், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைச் சேர்த்தார். ஒரு மனிதர் தம் ஆயுளில் அத்தனையையும் படித்திருக்க முடியாது. அவர் அவற்றை ஒழுங்குபடுத்தி, பூச்சி அரிக்காமல் காத்து, தேடி வந்த ஆய்வாளர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அது வெளிநாட்டுக்குப் போகாமல் 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்கிற யாரும் இன்று அதைத் தவிர்க்க முடியாது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் தம் சேமிப்பைக் கொண்டு உருவாக்கிய ஞானாலயா நூலகமும் அதே வழியில் வளர்ந்தது.

இலங்கையின் பாடம் இன்னும் கடுமையானது. 1981 மே 31 நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே கூரையின் கீழ் இருந்தவை ஒரே இரவில் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடித் தொகுத்தபோது, வீடுகளில் எஞ்சியிருந்த பிரதிகள் பேருதவியாக இருந்தன. சிதறிக் கிடந்த தனி அலமாரிகள் பாதுகாப்பு அரணாக மாறிய இடம் அது.

ஆகவே படிக்காத நூல் என்று பொதுவாகச் சொல்வதைவிட, காத்திருக்கும் நூலையும் கைவிடப்பட்ட நூலையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. காத்திருக்கும் நூல் எங்கே இருக்கிறது என்று உடையவருக்குத் தெரியும், ஈரமும் கரையானும் அண்டாமல் இருக்கும், கேட்டால் கிடைக்கும். கைவிடப்பட்ட நூல் அட்டாலியில் மூட்டையாகக் கட்டிப் போடப்பட்டது; அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ரோஜா முத்தையாவின் நூல்கள் முதல் வகை. நம் வீடுகளில் பல அலமாரிகள் உடையவரின் காலத்தோடு இரண்டாம் வகைக்கு மாறிவிடுகின்றன. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள்; வீடு விற்கப்படும்; நூல்கள் எடைக்குப் போகும். அந்த மூட்டையில் ‘நாகம்மாள்’ முதல் பதிப்பு இருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இதைத் தடுக்கப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. வீட்டில் உள்ள நூல்களின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனில் தலைப்புப் பக்கத்தைப் படமெடுத்து வைத்தாலும் போதும். அந்தப் பட்டியல் இருக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். திரையில் புதிதாக ஓர் எழுத்தாளரைக் கண்டால், வாங்குவதற்கு முன் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது அந்த நூல் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்களிடம் இருப்பதைக் கேட்பவருக்குக் கொடுங்கள். 1950களுக்கும் அதற்கு முன்பும் வந்த கொங்கு வட்டார நூல்கள், இதழ்கள், ஊர்த் திருவிழா மலர்கள் கையில் இருந்தால், மின்வருடிப் பாதுகாக்கும் நூலகங்களுக்குத் தெரிவியுங்கள். வாழும் எழுத்தாளரின் நூலைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

இனி யாராவது “இத்தனையும் படிச்சுட்டீங்களா?” என்று கேட்டால் கூச்சப்பட வேண்டாம். இன்னும் படிக்கவில்லை என்று சொல்லி, அவருக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக் கையில் கொடுங்கள். காங்கேயத்துக்காரராக இருந்தால் முதலில் ‘நாகம்மாள்’ கொடுங்கள். அது அவருடைய சொந்த மண்ணின் நாவல்.